கடகம் இழைக்கும் கைக்கும் நாள் ஒன்றுதான்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கைப்பணி ஒன்றைக் கற்றுக் கொடுத்து, அதன் மூலம் சிறிது வருமானத்துக்கு வழிகாட்டவேண்டும் என்ற எண்ணம் எம்மத்தியில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடிரவாக வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் போனவர்கள், 2009இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று ஒவ்வொரு அலையின் பின்னும் எமது மக்களுக்குப் பன்னவேலைப் பயிற்சியும் தையற் பயிற்சியும் வந்தன. மெனிக் பாம் 2012இல் மூடப்பட்ட பின்னரும், மக்கள் திரும்பிய ஊர்களில் இவை தொடர்ந்தன. இவற்றால் பயனில்லை என்று எவரும் சொல்லமுடியாது. பிள்ளைக்குக் கொப்பி வாங்கவும் மருந்தெடுக்கவும் கடகமும் பெட்டியும் கைகொடுத்த வீடுகள் பல உண்டு.

எனினும் இத்திட்டங்களின் கணக்குப் புத்தகங்களில் ஒரு விடயம் எழுதப்படுவதில்லை. எத்தனை பேர் பயின்றார்கள், எத்தனை பொருள் விற்றது, எவ்வளவு ரூபா வந்தது என்பன எழுதப்படுகின்றன. அந்தக் கடகத்தை இழைக்க எத்தனை மணித்தியாலம் சென்றது, அந்த மணித்தியாலங்கள் எந்த வேலையிலிருந்து எடுக்கப்பட்டன என்பதற்கு அங்கே இடமில்லை. வயலும் அடுப்படியும் கைப்பணியும் ஒரே பெண்ணின் ஒரே நாளுக்குள் அடங்கவேண்டியிருக்கும்போது, இந்தக் கணக்கு இல்லாமல் மற்றக் கணக்குகள் முழுமை பெறா.

கைப்பணியை ஒரு வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன், அதற்குரிய நேரத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும் என்பதே எமது கருத்து. அப்படிச் செய்யாவிடில் அந்த நேரம் பிள்ளைகளின் சோற்றிலிருந்தும், வயலின் களையெடுப்பிலிருந்தும், தாயின் நித்திரையிலிருந்துமே எடுக்கப்படும்.

முன்னைய ஒழுங்கு

எமது பாட்டிமார் கைப்பணியை ஒரு தனித் தொழிலாகச் செய்யவில்லை. அது கமத்தோடும் அடுப்படியோடும் சேர்ந்தே இருந்தது. எருச் சுமக்கக் கடகம் வேண்டும். நெல் புடைக்கச் சுளகு வேண்டும். பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி வேண்டும். ஒடியல் காயப்போடவும் பனாட்டு ஊற்றவும் பாய் வேண்டும். பனங்கட்டிக்குக் குட்டான் வேண்டும். கூழ் குடிக்கப் பிளா வேண்டும். இவை அனைத்துக்கும் ஓலை வளவுப் பனையிலேயே இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்தில் நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் பன்னைக் கொண்டு பாய் இழைத்தார்கள். எந்த ஊரானாலும் வீட்டுக்கும் வயலுக்கும் தேவையானது முதலில் இழைக்கப்பட்டது. மிஞ்சியதே சந்தைக்குப் போனது.

இந்த வேலைக்குக் காலமும் இருந்தது, கைகளும் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வேம்பின் கீழ் ஆச்சி ஓலை வார்வாள். பெரியம்மா இழைப்பாள். சின்னப் பிள்ளைகள் ஈர்க்குப் பொறுக்குவார்கள். அடுப்படியில் மாமியோ மச்சாளோ இருப்பாள். ஒருத்தி பாய் இழைத்தாள் என்று நாம் சொன்னாலும் அந்தப் பாய்க்குப் பின்னால் நாலைந்து பேருடைய கைகள் இருந்தன.

இடப்பெயர்வு எமது காணியை மட்டும் பறிக்கவில்லை. இந்தக் கைகளையும் பிரித்தது. ஆச்சி ஒரு முகாமிலும் பெரியம்மா வேறொரு உறவினர் வீட்டிலும் இருக்க, மச்சாள் வெளிநாடு போய்விட்டாள். ஆண்மக்களைப் போரில் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. முன்பு நாலைந்து பேர் பங்கிட்ட வேலை இன்று ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கிறது. பனையும் அப்படியே. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. மாற்றான் காணியில் குடியிருப்பவளுக்குக் குருத்தோலை வெட்டவும் உரிமையில்லை. அதை அவள் காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. நிலைமை இவ்வளவு மாறிய பின்னரும், உங்கள் பாட்டி செய்த வேலைதானே, ஓய்வு நேரத்தில் செய்யலாமே என்று சொல்வது நியாயமாகாது. பாட்டிக்கு இருந்த ஓய்வு நேரம் மற்றவர்களுடைய உழைப்பினால் வந்தது.

ஒரு நாளின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கமக்காரக் குடும்பத்துத் தாயின் நாளை எடுத்துக்கொள்வோம். அவள் விடிய 4.30க்கு எழும்பி இரவு 9.30க்குப் படுக்கிறாள் என்று வைப்போம். விழித்திருக்கும் நேரம் 17 மணித்தியாலம். மூன்று நேரச் சமையல், தேங்காய் துருவல், இடிப்பு, அரைப்பு, சட்டி பானை கழுவல் என்று அடுப்படிக்கு 5 மணித்தியாலம். தண்ணீருக்கும் விறகுக்கும் ஒன்றரை. வயலிலோ தோட்டத்திலோ 5. கோழி, ஆடு, மாடு பார்க்க 1. பிள்ளைகள், வயோதிபர், உடுப்புத் தோய்ப்பு, முற்றம் கூட்டல் இவற்றுக்கு இரண்டரை. மொத்தம் 15. மீதி இருப்பது 2 மணித்தியாலம். குளிக்கவும், சாப்பிடவும், செபிக்கவும், அயல் வீட்டில் ஒரு சுகம் விசாரிக்கவும் அந்த 2 மணித்தியாலந்தான் உண்டு.

இந்த வீட்டுக்கு ஒரு கைப்பணித் திட்டம் வந்து, நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் இழைத்தால் போதும் என்று சொல்கிறது. அந்த நாலு மணித்தியாலம் எங்கே இருக்கிறது? இருந்த இரண்டையும் கொடுத்தாலும் இன்னும் இரண்டு வேண்டும். அது இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுக்கப்படும். அல்லது மத்தியானக் கறி இரண்டிலிருந்து ஒன்றாகும். அல்லது மிளகாய்க் கன்றுக்குள் புல் நிற்கும். இந்த மூன்றில் ஒன்று நடந்தே தீரும்.

இனிப் பணத்தையும் பார்ப்போம். இதுவும் உதாரணக் கணக்கே. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே செய்துபாருங்கள். ஒரு கடகம் 1000 ரூபாவுக்கு விற்றது என்று கொள்வோம். ஓலைக்கும் நாருக்கும் சாயத்துக்கும் பஸ்சுக்கும் 250 ரூபா கழிந்தால் மிச்சம் 750. ஓலை வார்வது தொடக்கம் விளிம்பு கட்டுவது வரை 10 மணித்தியாலம் சென்றிருந்தால், மணித்தியாலத்துக்கு 75 ரூபா. அந்த 10 மணித்தியாலம் அடுப்படியிலிருந்து எடுக்கப்பட்டு, இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்குக் கடையில் பாணும் கறியும் வாங்க 500 ரூபா சென்றிருந்தால், கையில் நிற்பது 250 ரூபா. மணித்தியாலத்துக்கு 25 ரூபா. திட்டத்தின் புத்தகத்தில் 1000 ரூபா வருமானம் என்று பதிவாகும். வீட்டுக்கு உண்மையில் வந்தது 250 ரூபாவும் முதுகு நோவும்.

இதனால் கடகம் இழைக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதே கடகத்தை வேலை குறைந்த மாதத்தில், அடுப்படியைப் பார்க்க இன்னொருவர் இருக்கும் வீட்டில் இழைத்தால் 750 ரூபாவும் வீட்டில் நிற்கும். பொருளும் விலையும் ஒன்றே. வேறுபாடு நேரம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது.

அடுப்படியும் ஒரு வருமானம்

சமையலை வருமானம் இல்லாத வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டுச் சமையல் நின்றால் மாதம் எவ்வளவு ரூபா கடைக்குப் போகும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணம் மாறும். வேலியில் நிற்கும் முருங்கையும், கிணற்றடியில் முளைக்கும் கீரையும், வளவின் மரவள்ளியும் காசு கொடாமல் கிடைப்பவை. ஆனால் அவை தாமாகச் சட்டிக்குள் வந்து விழுவதில்லை. முருங்கையிலை உருவ ஒருவர் இருக்கவேண்டும். நேரமில்லாத வீட்டில் முருங்கையிலை வேலியிலேயே நிற்க, பிள்ளையின் கையில் கடைப் பிசுக்கோத்துப் பொட்டலம் இருக்கும்.

எமது அண்மைய வரலாறு இதற்குச் சாட்சி. 1990களில் பொருளாதாரத் தடையின்போது சீனிக்குப் பதில் பனங்கட்டியும், மாவுக்குப் பதில் ஒடியலும் குரக்கனும் எமது வீடுகளைக் காத்தன. சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் குறைந்ததும், 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்றதும் யாவரும் அறிந்ததே. அந்த நாட்களில் விறகடுப்பும், வளவில் நாலு மரவள்ளியும், அவற்றைச் சமைக்கத் தெரிந்த ஒருவரும் இருந்த வீடு மற்ற வீடுகளைவிடச் சமாளித்தது. இந்த அறிவும் பழக்கமும் ஒரு தலைமுறையில் விடுபட்டால் அடுத்த நெருக்கடியில் திரும்பக் கற்க நேரம் இராது.

அடுப்படி வேலையைச் சுருக்கவும் வழிகள் உண்டு. ஒடியற் கூழ் இதற்கு நல்ல உதாரணம். ஒடியல் மாவை முன்னதாகவே தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பு நீங்கப் பிழிந்து வைத்துக்கொண்டால், மீனோ நண்டோ கிடைத்ததைப் போட்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கீரை, புளி, மிளகாய் எல்லாம் ஒரே பானையில் சேர்த்துக் காய்ச்சிவிடலாம். மீன் இல்லாவிடில் மரக்கறியோடும் காய்ச்சலாம். சோறும் மூன்று கறியும் ஆக்கும் வேலை ஒரு பானையோடு முடிகிறது. வெயில் காலத்தில் போட்டு வைத்த வேப்பம்பூ வடகமும், பாகற்காய் வற்றலும், மோர் மிளகாயும் அறுவடை நாட்களில் ஒரு கறியின் வேலையை மிச்சமாக்கும். வறுத்து வைத்த அரிசிமா இருந்தால் அரை மணித்தியாலத்தில் பிட்டு அவியும். இப்படி முன்கூட்டியே சேமித்து வைப்பதையும் ஒரு கைப்பணியாகவே நாம் மதிக்கவேண்டும். புழுக்கொடியலும் பனாட்டும் வடகமும் வீட்டுக்கு உணவாகும். மிஞ்சினால் விற்கவும் ஆகும். விற்காமல் கிடந்த அலங்காரப் பெட்டியை எவரும் உண்ண முடியாது.

ஆண்கள் அடுப்படிக்கு வருவதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊர்ப் பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் கிடாரம் வைத்துச் சமைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. 2009இல் மெனிக் பாமின் பொதுச் சமையற்கூடங்களிலும் ஆண்கள் அகப்பை பிடித்தார்கள். நூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்த கை ஐந்து பேருக்குச் சமைக்கக் கூசவேண்டியதில்லை. மனைவியோ தாயோ இழைக்க இருக்கும் மாலையில் தேங்காய் துருவுவதும், தண்ணீர் அள்ளுவதும், உலை வைப்பதும் வீட்டு ஆண்களுக்கும் வளர்ந்த பையன்களுக்கும் உரிய வேலை. கைப்பணிக் காசு எல்லோருக்கும் பொதுவென்றால், அதற்கான நேரத்தை உண்டாக்குவதும் எல்லோருக்கும் பொதுவே.

வயலின் மாதங்களும் ஓலையின் மாதங்களும்

கமக்காரருக்கு வருடம் முழுவதும் ஒரேமாதிரி இருப்பதில்லை. கைப்பணித் திட்டங்களோ மாதத்துக்கு இத்தனை என்று பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகையைக் கேட்கின்றன. பிணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். பனாட்டுப் போடவும், விதை பொறுக்கிப் பாத்தி போடவும் அதுவே காலம். அதே நாட்களில் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தி விதைக்கவும் வேண்டும். ஐப்பசி தொடக்கம் மாரிமழை, களையெடுப்பும் அப்போதே. மழை விடாத நாட்களில் வீட்டுக்குள் இருந்து இழைக்கலாம். ஓலையும் மெதுமையாக இருக்கும். ஆனால் ஓலையை அதற்கு முன்பே காயவைத்துச் சுருட்டிப் புகைப்படும் இடத்தில் வைத்திருக்கவேண்டும்; ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசியில் அறுவடையும் பனங்கிழங்கும் ஒன்றாக வரும். கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயவைக்க வெயில் வேண்டும், ஆள் வேண்டும். இந்த இரண்டு மாதமும் கடகத்துக்கு உரியவையல்ல. பங்குனி, சித்திரையில் வெயில் கடுமை. ஓலை வெட்டிக் காயவைக்க உகந்த நாட்கள். வைகாசியிலிருந்து ஆடிவரை, மழையை நம்பி நெல் விதைப்பவருக்கு வயலில் வேலை குறைவு. அதுவே பன்னவேலைக்கு உரிய காலம்.

இதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. நெல்லுக்காரருக்கு ஓய்வாக இருக்கும் அதே கோடையில்தான் வெங்காயமும் மிளகாயும் வைக்கும் தோட்டக்காரருக்கு இறைப்பு மும்முரம். வன்னியில் குளத்துத் தண்ணீர் கிடைத்துச் சிறுபோகம் செய்பவருக்கும் அந்த மாதங்கள் ஓய்வில்லை. ஆகவே கொழும்பிலோ யாழ்ப்பாணப் பட்டினத்திலோ இருந்து போடும் ஒரே அட்டவணை எல்லாக் கிராமங்களுக்கும் பொருந்தாது. ஒவ்வொரு மாதர் சங்கமும் தனது ஊரின் வயல் மாதங்களை ஒரு தாளில் எழுதி, வேலை நெருக்கடியான மாதங்களுக்கு நேரே ஒரு கோடு கீறட்டும். அந்த மாதங்களில் ஓடர் எடுப்பதில்லை என்று தீர்மானிக்கட்டும்.

மரத்துக்கும் ஓர் அளவுண்டு. ஒரே பனையில் திரும்பத் திரும்பக் குருத்தை வெட்டினால் மரம் தளரும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டபோது பனை எமது பிரதேசத்தின் பெருஞ்செல்வம் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. போர் தின்றது போக எஞ்சியிருக்கும் மரங்களை ஓடருக்காக மொட்டையடித்தால் அந்தச் செல்வமும் மிஞ்சாது.

எதிராகச் சொல்லப்படுபவை

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் நாம் தட்டிக்கழிக்க முடியாது. கணவன் இல்லாத, பிள்ளைகள் சிறியவர்களாக உள்ள பெண்ணுக்கு வேறு வருமானமே இல்லை. அவளிடம் மாதம் பார்த்து இழை என்றால் இடையில் எதைச் சாப்பிடுவாள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனினும் ஒருத்தியே எல்லா வேலையும் செய்யும் அந்த வீட்டில்தான் நேரப்பஞ்சம் மிகக் கொடியது. அவளுக்கு ஓடரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் அவள் நித்திரையை விற்று இழைப்பாள். அவளுக்கு நேரத்தை உண்டாக்கிக் கொடுப்பது சங்கத்தின் கடமை. வாரத்தில் இரண்டு நாள் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே அடுப்பில் கூழோ சோறோ காய்ச்சினால், அந்த நாட்களில் மற்ற வீடுகளின் அடுப்படி நேரம் மிச்சமாகும். முன்பள்ளி முடிந்த பின் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து ஒருவர் இருந்தால் அதுவும் உதவி. ஓலையை மொத்தமாக ஏற்றிவந்து பங்கிட்டாலும், செய்த பொருளை ஒருவரே சந்தைக்குக் கொண்டுபோனாலும் ஒவ்வொருத்தியும் தனித்தனியே பஸ்சுக்குக் காத்துநிற்கும் நேரம் மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்வார்கள். பெண்கள் ஒன்றாக இருந்து இழைக்கும்போது மனப்பாரம் குறைகிறது, இழந்தவற்றைப் பற்றி வாய்விட்டுப் பேசவும் அழவும் சிரிக்கவும் அங்கேதான் இடம் கிடைக்கிறது, அதைக் குறைக்கலாமா என்பார்கள். இதை நாம் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறோம். காணாமற்போன மகனைப் பற்றி வீட்டில் பேசமுடியாத தாய் ஓலைக்கட்டின் அருகே பேசுவதை நாம் கண்டிருக்கிறோம். அதனாலேயே இந்த வேலையைக் காக்கவேண்டும் என்கிறோம். எண்ணிக்கை கூடக்கூட, கூடியிருந்து இழைத்தவர்கள் தத்தம் வீட்டில் நடுச்சாமத்தில் தனியே இழைக்கத் தொடங்குகிறார்கள். அப்போது காசு வந்தாலும் ஆறுதல் போய்விடுகிறது.

கைப்பணிக்கென்று வாங்கும் கடனும் இதே நெருக்கடியைக் கூட்டுகிறது. நெல் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ காசு தரும். நுண்கடனோ வாரத்துக்கு வாரம் தவணை கேட்கும். தவணை நாளுக்காக அறுவடை நாளில் கடகம் இழைக்கவேண்டி வருகிறது. அதுவும் போதாவிட்டால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வரவேண்டியிருந்தது என்பதிலிருந்தே இதன் கனதியை உணரலாம். கமக்காரக் குடும்பத்துக்குக் கொடுக்கும் கடன் அறுவடையைப் பார்த்துத் தவணை கேட்கவேண்டும். பங்கிலோ சங்கத்திலோ சுழற்சி நிதி நடத்துவோர் இதனை எளிதில் செய்யலாம்.

விசுவாசத்தின் ஒளியில்

நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரத்தில் வரும் திறமையுள்ள பெண்ணை எமது ஆலயங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அவள் ஆட்டுமயிரும் சணலும் கொண்டு வேலை செய்கிறாள், வயலை வாங்குகிறாள், வீட்டாருக்கு உணவளிக்கிறாள். வயல், அடுப்படி, கைப்பணி மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் அவளுக்குப் பணிப்பெண்கள் இருந்தார்கள் என்பதும் அதே அதிகாரத்தில் உண்டு. பலருடைய கைகளோடு அவள் செய்ததை, தனித்து நிற்கும் எமது தாயிடம் அளவுகோலாகக் காட்டுவது சரியாகாது.

ஓய்வுநாட் கட்டளையில் வேலையாட்களுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. எமது வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மாடு ஓய்கிறது, மண்வெட்டி ஓய்கிறது. அடுப்படியில் நிற்பவளுக்குப் பெரும்பாலும் அன்றுதான் வேலை கூட. ஞாயிறு ஒரு நேரமாவது வீட்டிலுள்ள மற்றவர்கள் சமைக்கும் வழக்கம் எமது பங்குகளில் பரவினால் அது கட்டளையை உண்மையாகவே கைக்கொள்வதாகும்.

செய்யக்கூடியவை

முதலாவது, இழைப்பதில் வீட்டுக்குத் தேவையானதை முந்திச் செய்வோம். காசு கொடுத்து வாங்கும் பிளாஸ்ரிக் கூடைக்கும் பாய்க்கும் பதிலாக எமது கடகமும் பாயும் வீட்டில் இருந்தால், விற்காமலே வருமானந்தான். இரண்டாவது ஊருக்குள் தேவையானது. மூன்றாவதே வெளிச்சந்தை.

விலை சொல்லும்போது மணித்தியாலத்தையும் சேர்த்துச் சொல்வோம். எத்தனை மணித்தியாலத்தில் இழைத்தது என்று பொருளோடு ஒரு துண்டில் எழுதிவைத்தால் பேரம் பேசுபவரும் யோசிப்பார். வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வரும் உறவினருக்கும் அதைக் காட்டலாம்.

திட்டங்களை நடத்துவோரிடம் நாம் கேட்பது ஒன்றே. உங்கள் படிவங்களில் வருமானத்துக்குப் பக்கத்தில் நேரத்துக்கும் ஓர் இடம் விடுங்கள். எத்தனை மணித்தியாலம், அது எந்த வேலைக்குரியது, அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் முதலில் அந்தப் பதிலைத் தேட உதவுங்கள். ஓலை பிறகு வரட்டும்.

குடும்பங்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். 1990இல் எழும்பிய எல்லோரும் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் பலர் பற்றை வெட்டிக் கிணறு இறைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். எமது கையில் காணி குறைவு, காசு குறைவு. மிஞ்சி நிற்பது நாளும் உடம்புந்தான். அவற்றைக் கணக்கில்லாமல் செலவழிக்க எம்மால் இயலாது. ஆகையால் அடுத்த ஓடரை ஏற்றுக்கொள்ள முன், ஓர் இரவு வீட்டிலுள்ள எல்லோரும் கூடியிருந்து, பிள்ளையின் பழைய கொப்பியில் அம்மாவின் ஒரு நாளை மணித்தியாலம் மணித்தியாலமாக எழுதிப் பாருங்கள். கடகத்துக்கு எந்த மணித்தியாலம் என்று அதில் குறியுங்கள். அந்த மணித்தியாலத்தில் அடுப்படியை யார் பார்ப்பது என்று பெயரையும் எழுதுங்கள். பெயர் எழுதிய பிறகு ஓலையை நனையுங்கள்.